தம்பிக்கு மறுக்கப்பட்ட பாவம்

எங்கள் வீட்டில் தேவசித்தம் என்ற சொல் உப்பு மாதிரி, எல்லாவற்றிலும் விழும். போர்ட் பிளேருக்குப் போகிற பஸ், போலீஸ் காவலோடு காட்டைக் கடக்கிற கான்வாயைத் தவறவிட்டால் தேவசித்தம். மெயின்லேண்டுக்குக் கப்பல் டிக்கெட் கிடைத்தால் தேவசித்தம், கிடைக்காவிட்டால் அதைவிடப் பெரிய தேவசித்தம். எனக்கு வந்த வரன்கள் தட்டிப்போனதையும் அப்பா அந்தக் கணக்கில்தான் சேர்த்தார். அதில் ஒன்று கெட்டதற்கு அவருடைய வாய்தான் காரணம் என்பது ரங்கத் பஜாருக்கே தெரியும். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். வழியைக் காட்டாமல் விடையை மட்டும் எழுதிவைக்கும் பிள்ளைக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. அப்பாவுக்கு விடை மட்டும் இருந்தால் போதும்.

அப்பா வனத்துறையில் வேலை கிடைத்து, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்தத் தீவுக்கு வந்தவர். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் தமிழ்ச் சபைக்கு மூப்பர். அம்மா இறந்தபின் வீட்டில் அவரும் நானும் தம்பியும்தான். தம்பிக்குப் படிப்பு ஏறவில்லை, கடல் ஏறியது. இங்கே டுங்கி என்று சொல்கிற சின்ன எஞ்சின் படகு ஒன்றை வைத்து மீன் பிடித்துக்கொண்டிருந்தான். அவனோடு கூட்டாளியாக இருந்தவன் எதிர் வரிசை வீட்டு வங்காளி. இரண்டு பேரும் ஒரே வயது, ஒரே பீடிக்கட்டு, ஒரே இந்தி. அவன் மனைவி எங்கள் வீட்டுக்கு மீன் குழம்பு கொடுத்தனுப்புவாள். நான் அதில் கடுகெண்ணெய் வாடை அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டே வழித்துச் சாப்பிடுவேன். அவர்களுக்கு ஒரு மகள், அப்போது சின்னப்பிள்ளை.

எங்கள் சபையில் வருடத்துக்கொரு முறை அறுப்பின் பண்டிகை நடக்கும். விளைந்ததில் நல்லதை ஒவ்வொரு வீட்டாரும் ஆலயத்துக்குக் கொண்டுவந்து பீடத்தின் முன்னால் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதெல்லாம் ஏலத்துக்கு வரும். வாழைத்தார், பூசணி, பாக்கு, சேவல் என்று ஆலயம் பஜாரைப்போல இருக்கும். காணிக்கை ஆண்டவருக்கு என்றாலும் கண் எல்லாம் யார் வீட்டு வாழைத்தார் பெரிது என்பதில்தான். எங்கள் வீட்டிலிருந்து வழக்கமாகத் தேங்காய் போகும். அந்த வருடம் பண்டிகைக்கு முந்தைய வாரம் அப்பா சாப்பிட்டுக்கொண்டே, தம்பியைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னார்: “கடல்ல தொழில் பாக்கவன் வீட்ல இருந்து இந்த வருசமும் தேங்காதான் போவுதாக்கும்.” பீடத்தின் முன்னால் ஆள் நீளத்துக்கு ஒரு சுர்மை மீனைக் கிடத்த வேண்டும் என்று அன்றைக்கே தம்பி முடிவு செய்துவிட்டான். ஊரில் நெய்மீன் என்பார்களே, அதுதான்.

பண்டிகைக்கு முதல்நாள் காற்று மாறியது. தீவுகளுக்குப் போகும் படகுகளை எல்லாம் நிறுத்திவிட்டார்கள். மீன்பிடிக்கப் போகக் கூடாது என்று வானொலியிலும் சொன்னார்கள், படகுத்துறையிலும் சொன்னார்கள். நடந்ததைத் தம்பி பிறகு எனக்குப் பலமுறை சொன்னான், ஒரு வார்த்தைகூட மாற்றாமல். கூட்டாளி கரையிலேயே நின்றுவிட்டான். “ஆஜ் நஹீ, பாய்,” இன்றைக்கு வேண்டாம் என்றான். தம்பி அவனை டர்போக் என்றான், பயந்தாங்கொள்ளி. மனைவி முந்தானையைப் பிடித்துக்கொண்டு வீட்டில் இரு என்றான். பிறகு படகின் மூக்கில் கைவைத்து, கண்ணை மூடி, சத்தமாக ஜெபம் செய்தான். உமக்காகப் போகிறோம், நீர் கொண்டுபோய்க் கொண்டுவாரும் என்று. ஜெபத்தை முடித்துவிட்டு, இனி என்ன பயம், கடவுளின் வேலைக்குத்தானே போகிறோம் என்று சொல்லி அவனை ஏற்றினான். மீனுக்கு ஐஸ் பெட்டி பெரியதாக வேண்டியிருந்தது. இடம் போதவில்லை என்று மிதவை அங்கிகள் இரண்டையும் எடுத்துக் கரையில் போட்டது தம்பிதான்.

துறைமுக அதிகாரியிடம் வாங்குகிற அனுமதியைப்போல ஜெபத்தை நினைப்பது எங்கள் ஆட்கள் எப்போதும் செய்கிற தப்பு. ஜெபம் பண்ணிவிட்டால் அதற்குப் பிறகு நடப்பதற்கெல்லாம் மேலே இருக்கிறவர் பொறுப்பு. நான் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளிடமே இதைப் பார்த்திருக்கிறேன். படிக்காமல் ஜெபித்துவிட்டு வந்து, தோற்றபின் சித்தம் இல்லை என்கிறவர்கள் உண்டு.

படகு கவிழ்ந்தது. தம்பி காலி டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்து, எங்கோ ஒரு பாறைக்கரையில் ஒதுங்கினான். கூட்டாளியைச் சில நாள் கழித்து வேறொரு தீவின் அலையாத்திக்காட்டு ஓரத்தில் கண்டுபிடித்தார்கள். அவன் மனைவிக்கு முகத்தைக் காட்டவில்லை. அதற்குமேல் அதைப்பற்றி என்னால் எழுத முடியாது.

விசாரிக்க வந்தவர்களிடம் தம்பி தன் தப்பு என்றுதான் சொன்னான். அவர்கள் புயல்தான் காரணம் என்று எழுதிக்கொண்டு, அதிர்ச்சியில் இருக்கிறாய், போய்த் தூங்கு என்றார்கள். சபையார் ஒருவர் மாற்றி ஒருவர் வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே பேச்சு. கர்த்தர் உன்னை ஒரு நோக்கத்துக்காக வைத்திருக்கிறார், அவருடைய அனுமதி இல்லாமல் எதுவும் நடக்காது. வருகிறவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்துக்கொண்டே நான் கேட்டேன், அப்படியானால் எதிர்வீட்டுக்காரனை அவர் எந்த நோக்கத்துக்காக விட்டுவிட்டார் என்று. ஒரு அக்கா, டீச்சருக்கு இன்னும் மனம் ஆறவில்லை என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். எனக்கு ஆறத்தான் இல்லை.

இந்த நிலையில்தான் அப்பா ஸ்தோத்திர ஜெபம் வைக்க முடிவு செய்தார். உயிர் தப்பினால், பெரிய வியாதி குணமானால், வீட்டில் ஜெபம் வைத்து நன்றி சொல்லி எல்லோருக்கும் சாப்பாடு போடுவது எங்கள் வழக்கம். நான் காலில் விழாத குறையாகச் சொன்னேன். ஆலயத்தில் வையுங்கள், இங்கே வேண்டாம், எதிர்வீட்டில் இன்னும் அழுகை நிற்கவில்லை என்றேன். செய்த நன்மையை மறைக்கக் கூடாது என்றார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தெருவிலே பந்தல் போட்டார்கள். வீட்டுக்குள் இடம் பத்தாமல் நாற்காலி வரிசை நீண்டு நீண்டு எதிர்வாசல்வரை போனது. கடைசி வரிசைக்காரர்கள் அந்த வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்கள். ஒலிபெருக்கியில் ஜலத்திலிருந்து தூக்கிவிட்டவருக்குத் துதி பாடினோம். அந்தக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவள் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

தம்பி முதலில் வெளியே வரவே மாட்டேன் என்றான். பிறகு என்ன நினைத்தானோ, முகம் கழுவிச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தான். போதகர் அவனைச் சாட்சி சொல்ல அழைத்தார். போதகர் மெயின்லேண்டிலிருந்து புதிதாக வந்தவர், என்னைவிட இளையவர், நல்ல மனுஷன். தம்பி மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டு, எதிர்வீட்டுக் கதவைப் பார்த்தபடி பேசினான்.

“நாந்தான் அவனக் கொன்னேன். அவன் வேண்டாம்னு சொன்னான். நான் கேலி பண்ணி ஏத்துனேன். ஜாக்கெட்ட கரையில போட்டது நான். கர்த்தர் செய்யல, நான் செஞ்சேன். இத எல்லாரும் தெரிஞ்சிக்கிடணும்.”

பிரியாணிச் சட்டியை மூடிய தட்டு ஆடுகிற ஓசை மட்டும் கேட்டது. இத்தனை வருடம் அந்தச் சபையில் நான் கேட்ட ஒரே உண்மையான சாட்சி அதுதான் என்று நினைத்தேன். போதகர் எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார். குற்றப்படுத்துகிற ஆவி இந்தப் பிள்ளையை வாதிக்கிறது, எல்லோரும் ஒருமனமாய் ஜெபிப்போம் என்றார். பெண்கள் முட்டுப்போட்டார்கள், ஆண்கள் கைகளை நீட்டினார்கள். அவன் சொன்னதன்மேல் அல்லேலூயா மழையாகக் கொட்டியது. அவன் மைக்கை வைத்துவிட்டு, யாரோ தன்னிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டதுபோல வெறும் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு எல்லோரும் சாப்பிட்டார்கள். பிரியாணி நன்றாக இருந்தது என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் தம்பி எதிர்வீட்டுக்குப் போனான். நானும் கூடப் போனேன், அவள் ஏதாவது செய்துவிடுவாளோ என்ற பயத்தில். செய்திருக்கலாம். அவன் அவள் வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். என்னைத் திட்டுங்கள், அடியுங்கள், சாபம் கொடுங்கள் என்று இந்தியில் கெஞ்சினான். அவள் மகளின் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே கேட்டாள். கடைசியில் “கிஸ்மத்” என்றாள். அவன் நெற்றியில் அப்படித்தான் எழுதியிருந்தது, நீ என்ன செய்வாய் என்றாள். அவளும் எங்கள் அப்பாவும் ஒருவர் கடவுளை ஒருவர் ஏற்காதவர்கள். ஆனால் என் தம்பி விஷயத்தில் இரண்டு பேரும் ஒரே பேச்சுதான் பேசினார்கள்.

அதற்குப் பிறகு அவன் மெலிந்துகொண்டே போனான். கடலுக்குப் போகவில்லை. ஆலயத்துக்கு வருவான், கடைசி பெஞ்சில் உட்காருவான், திருவிருந்துக்கு எழுந்து போகமாட்டான். ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லுவோம். பாவம் செய்தோம், செய்தோம் என்று ஆலயமே முழங்கும். அதில் அப்பாவின் குரல்தான் கணீரென்று கேட்கும். எந்தப் பாவம், யாருக்குச் செய்தது என்று யாரும் கேட்காத அறிக்கை அது. தன் பாவத்தைப் பெயர் சொல்லிச் சொன்ன ஒரே ஒருவனுக்கு மட்டும் அது ஆவியின் வாதை ஆகிவிட்டது.

நான் போதகரிடம் போய்க் கேட்டேன். எல்லாம் அவர் சித்தம் என்றால் என் தம்பியின் திமிரும் அவர் சித்தமா, அவனுடைய கேலியும் உலகம் உண்டாகும் முன்னே குறிக்கப்பட்டதா என்று கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். தேவன் பாவத்துக்குக் காரணர் அல்ல, ஆனாலும் பாவமும் அவருடைய ஆளுகைக்கு வெளியே இல்லை. மனுஷன் தன் விருப்பப்படியே செய்கிறான், அதற்கு அவனே பொறுப்பு. ஆனால் அது அவருடைய திட்டத்தை மீறுவதும் இல்லை. இரண்டையும் சேர்த்துத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார்.

“நீங்க இரண்டையும் பிடிக்கலியே பாஸ்டரையா,” என்றேன். “ஒண்ண மட்டும்தான் அவன் கையில குடுத்தீங்க. பொறுப்ப அவன்கிட்ட இருந்து எடுத்துட்டா, பிறகு எதுக்கு அவனுக்கு மன்னிப்பு? செய்யாதவன எப்படி மன்னிப்பாவ?”

அவன் செத்துப்போய்விடுவானோ என்று பயந்துதான் அப்படிச் செய்ததாக அவர் சொன்னார். “தம்பிக்கு ஆறுதல் சொல்லணும்னு நினைச்சேன் டீச்சர். எனக்கு வேற தெரியல.” அவர்மேல் எனக்கிருந்த கோபம் அன்றைக்குப் போய்விட்டது. கோபம் போனதில் எந்த லாபமும் இல்லை. அவரைக் கோபித்துக்கொண்டாவது இருந்தேன், அதுவும் இல்லாமல் ஆயிற்று.

அப்பாமேல் இருந்த கோபம் மட்டும் வளர்ந்தது. ஒருநாள் காலைச் சாப்பாட்டின்போது தம்பி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவரைக் கேட்டான். “அப்பா, ஒரே ஒரு தரம் சொல்லுங்க. நீதாம்ல செஞ்சன்னு. அது போதும் எனக்கு.”

அப்பா இட்லியைப் பிய்த்துக்கொண்டே, எல்லாம் அவர் சித்தம், நமக்கு என்ன தெரியும் என்றார். நான் பொறுக்க முடியாமல், “தேங்கா கொண்டு போயிருந்தா என்னப்பா குறைஞ்சிருக்கும்?” என்று கேட்டுவிட்டேன். பிய்த்த இட்லி அவர் கையிலேயே இருந்தது. வாய்க்கும் போகவில்லை, தட்டுக்கும் வரவில்லை. எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி அவர் அழுவது கேட்டது. அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. தம்பி செய்தான் என்று அவர் ஒத்துக்கொண்டால், அடுத்ததாகத் தான் செய்ததையும் ஒத்துக்கொள்ள வேண்டும். கடவுளின் சித்தம் அவருக்கு விசுவாசம் அல்ல, சாத்திக்கொள்ள ஒரு கதவு. எனக்கு அவர்மேல் இரக்கமாகவும் இருந்தது, அருவருப்பாகவும் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு இன்றும் அவருக்குச் சோறு போடுகிறேன்.

தம்பி தூக்கத்தையும் சாப்பாட்டையும் விட்டபோது, போர்ட் பிளேரில் மனநல வைத்தியரிடம் காட்டலாம் என்று அழைத்துக்கொண்டு போனேன். அங்கே பத்துபஸ்தியில் சித்தி வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. வழியில் பாராடாங்கில் பஸ்ஸையே பெரிய படகில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோவார்கள், ஆட்கள் இறங்கி நின்றுகொள்ள வேண்டும். விபத்துக்குப் பிறகு அவன் தண்ணீரின்மேல் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. மற்றவர்கள் எல்லாம் ஓரமாக நின்று அலையாத்திக்காட்டைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கை நரம்பெல்லாம் புடைத்திருந்தது. வைத்தியரும் மாத்திரையைக் கொடுத்து, உன் தப்பு இல்லை என்றுதான் சொல்லப்போகிறார் என்று எனக்குத் தோன்றியது. உலகத்தில் இவனுக்கு இவன் பாவத்தைக் கொடுக்க ஒருத்தரும் இல்லை. அக்கா நான் எதற்கு இருக்கிறேன்?

“லேய், இங்க பாரு,” என்றேன். “நீதாம்ல செஞ்ச. கடலு செய்யல, காத்து செய்யல, சாமி செய்யல. அவன் வேண்டாம்னான், நீ கேக்கல. நீ கேட்டிருந்தா அவன் இன்னிக்கு உயிரோட இருப்பான்.”

இவ்வளவு கொடுமையான ஒன்றை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அவன் முகம் மெல்ல இளகியது. பல மாதத்துக்குப் பிறகு என் கண்ணை நேராகப் பார்த்தான்.

“ஆமாக்கா,” என்றான். “நாந்தான்.”

கம்பியை விட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதான். நான் அவன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். எவ்வளவோ பேர் ஜெபித்து வராத அழுகை அது. அழுது முடித்து, சட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். பிறகு பாதி ஜெபத்தில் நிற்கிறவனைப்போல என்னைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தான்.

“அடுத்தது சொல்லுக்கா,” என்றான்.

அவன் எதைக் கேட்கிறான் என்று தெரிந்தது. ஆராதனையில் பாவ அறிக்கை முடிந்ததும் போதகர் கையை உயர்த்திப் பாவமன்னிப்புச் சொல்லுவாரே, அதை. நான் வாயைத் திறந்தேன். அவன் எனக்கு எந்தப் பாவமும் செய்யவில்லை. யாருக்குச் செய்தானோ அவன் சாம்பலாகிவிட்டான். அவன் மனைவி, பாவமே நடக்கவில்லை என்கிறாள். எல்லாம் சித்தம் என்று யாருடைய பெயரில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்களோ, அவர் அன்றைக்கும் ஒன்றும் பேசவில்லை.

“எங்கிட்ட அது இல்லல,” என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். கரை வந்து, எல்லோரையும் பஸ்ஸில் ஏறச் சொன்னார்கள். கான்வாய் புறப்படும் நேரம் ஆகிவிட்டது என்று கண்டக்டர் அவசரப்படுத்தினார். நான் அழுதுகொண்டே நிற்பதைப் பார்த்துத் தம்பிதான் என் பையை வாங்கிக்கொண்டான். “பரவால்லக்கா, வா,” என்றான். அதற்குப் பிறகு அவன் அதை யாரிடமும் கேட்கவில்லை.